செவிலியர் வேலையை விட்டுப் பெண்கள் நலப் பணிக்கு வரலாமா?

கேள்வி: அக்கா, வணக்கம். எனக்கு 25 வயது. பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துவிட்டு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில், பிரசவ வார்டில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன்பு, ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ள ஒரு பெண் கருவைக் கலைக்க வேண்டும் என்று தனியாக வந்தார். கணவர் லாரி ஓட்டுகிறவர், வடக்கே போயிருந்தார். ‘வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் முடியும்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். அதை அவரிடம் சொன்னது நான்தான். பிறகு அவர் வரவே இல்லை. போன மாதம் ஒரு பயிற்சியில், சட்டப்படி அப்படி ஒரு கையெழுத்தே தேவையில்லை என்று கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. பெண்களின் உடல்நலத்துக்காகவும் சம உரிமைக்காகவும் வேலை செய்கிற இடத்துக்குப் போய்விடலாமா என்று தோன்றுகிறது. அப்படி ஒரு வேலை உண்மையில் இருக்கிறதா? என்ன படிக்க வேண்டும்? சம்பளம் வருமா? வீட்டில் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி அரசு நர்ஸ் ஆகிவிடு என்கிறார்கள். எனக்கு மேடையில் பேச வராது. ஆங்கிலமும் சுமார்தான்.
– பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்: வணக்கம் தங்கச்சி. வேலை, படிப்பு எல்லாவற்றுக்கும் வருகிறேன். முதலில் அந்தக் கையெழுத்தைப் பேசிவிடுவோம்.

நீங்கள் பயிற்சியில் கேட்டது சரி. 1971-இல் வந்த கருக்கலைப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிறைந்த, மனநலம் சரியாக இருக்கிற பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும். கணவர், மாமியார், அப்பா யாருடைய கையெழுத்தையும் சட்டம் கேட்கவில்லை. அந்தச் சட்டத்தோடு வருகிற சம்மதப் படிவம் ‘படிவம் சி’. ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கணவர் கையெழுத்துக்கு அதில் இடமே கிடையாது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 2021 திருத்தத்துக்குப் பிறகு, விதிகளில் சொல்லப்பட்ட நிலைமைகளில் உள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை, இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு செய்யலாம். கல்யாணம் ஆகாத பெண்களுக்கும் இந்த 24 வாரம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கருத்தடை அறுவை சிகிச்சையும் இப்படித்தான். துணைவரின் சம்மதம் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதலே சொல்கிறது.

அப்படியென்றால் உங்கள் மருத்துவமனைப் படிவத்தில் அந்த வரி எப்படி வந்தது? பெரும்பாலும் அதை யாரோ ஒருவர் எப்போதோ சேர்த்திருப்பார். ‘நாளைக்குப் புருஷன் வந்து ரிசப்ஷனில் நின்று கத்தினால் யார் பதில் சொல்வது’ என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் பொய்யல்ல. அடிதடி வரை போன மருத்துவமனைகள் நம் மாவட்டங்களிலேயே உண்டு. ஆனால் மருத்துவமனையின் பயத்துக்கு அந்தப் பெண் விலை கொடுத்தார். அவர் பிறகு எங்கே போனார், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினாரா, வேறு யாரிடமாவது போனாரா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சரி, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நீங்கள் நாளைக்கே வார்டில் நின்று சட்டம் பேசினால் மேட்ரன் முகம் சுளிப்பார், அடுத்த மாத ட்யூட்டி முழுக்க நைட்டாக விழும். அதனால் வேறு மாதிரி போக வேண்டும். அந்தப் படிவத்தின் வெற்றுப் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி பெயர் இருக்கும் தாளைத் தொடவே தொடாதீர்கள். இதைக் கடைசியில் இன்னொரு முறை சொல்வேன். உங்களோடு படித்தவர்கள் வேறு மருத்துவமனைகளில் இருப்பார்கள். அங்கேயும் இந்த வரி இருக்கிறதா என்று கேளுங்கள். நாலைந்து இடத்தில் இருந்தால், இது உங்கள் மேலாளரோடு உங்களுக்கு இருக்கும் தகராறு அல்ல, மாவட்டத்தின் பழக்கம் என்று ஆகிவிடும். தனியார் மருத்துவமனைகள் மேல் மாவட்டத்தில் அதிகாரம் உள்ளவர் நலப்பணிகள் இணை இயக்குநர், நீங்கள் ஜே.டி. என்று சொல்கிறவர். ‘இப்படி ஒரு சட்டவிரோதமான வரி பல படிவங்களில் இருக்கிறது, நீக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விடுங்கள்’ என்று அவரிடம் மனு போக வேண்டும். அதை ஒரு செவிலியர் தனியாகக் கொடுப்பதைவிட ஒரு அமைப்பு கொடுப்பது பாதுகாப்பு. சுற்றறிக்கை வந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. ஆறு மாதம் கழித்துப் படிவத்தில் அந்த வரி போய்விட்டதா, இல்லை படிவத்திலிருந்து போன பிறகும் வாய்ப்பேச்சில் நிற்கிறதா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

நீங்கள் ‘அப்படி ஒரு வேலை இருக்கிறதா’ என்று கேட்டது இந்த வேலையைத்தான். பெரும்பாலும் தாள், பேருந்துப் பயணம், காத்திருப்பு. மேடை அபூர்வம். எனவே பேச வராது என்ற கவலையை விட்டுவிடுங்கள். நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் இந்தத் துறையில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறோம். கோப்பை ஒழுங்காக வைத்துக்கொள்கிறவர்கள்தான் குறைவு.

எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு ஒரு நிஜக் கதை சொல்கிறேன். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி. நம் தி.நகர் ரங்கநாதன் தெரு மாதிரி நெரிசல். அங்கே துணிக்கடைகளில் விற்பனைக்கு நிற்கும் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை நின்றே ஆக வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் சுவரில் சாய்ந்தாலும் திட்டு. கழிப்பறை கிடையாது என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். கால் நரம்பு சுருண்டு வீங்குவதும் சிறுநீர்த் தொற்றும் சர்வ சாதாரணம். விஜி என்ற தையல்காரர் இவர்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார், 2009 வாக்கில். முதலில் கேட்டது கழிப்பறை. பிறகுதான் நாற்காலி. தெருவில் நின்றார்கள், தொழிற்சங்கமாகப் பதிவு செய்தார்கள், தொழிலாளர் துறைக்கு நடையாய் நடந்தார்கள். கேரள அரசு 2018-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்திலும் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. வேலை நேரத்தில் உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்கார, கடையில் இருக்கை வைக்க வேண்டும் என்று. கால்வலியை ‘பெண்களுக்கு இதெல்லாம் சகஜம்’ என்று விட்டிருந்தால் அது சட்டமாகியிருக்காது. மருத்துவரிடம் போனால் களிம்பு கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த தடவை மதுரையில் துணி எடுக்கப் போகும்போது கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். இருந்தால், யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். நான் எந்தக் கடைக்குப் போனாலும் இதைப் பார்க்காமல் வருவதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு என்னோடு கடைக்கு வருவதென்றாலே எரிச்சல்.

இன்னொன்றும் உங்கள் பக்கத்திலேயே நடந்தது. 2022-இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம். ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலையான பிறகு, பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் தொழிலாளர் சங்கம், நிர்வாகத்தோடும் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களோடும் எழுத்துப்பூர்வமாகப் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. பாலியல் தொல்லையைக் கண்காணிக்கத் தொழிலாளர்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து உற்பத்திப் பிரிவுகளில் நிறுத்தினார்கள். கிடைத்தால் தேடிப் படியுங்கள். ஒரு நல்ல ஒப்பந்தம் எப்படி எழுதப்படுகிறது என்பதை இந்தத் துறைக்கு வருகிற எல்லோரும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

இனி வேலைகள். அரசு பக்கத்தில், ஒவ்வொரு மாவட்டத்திலும் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. குடும்ப வன்முறை, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மருத்துவம், சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் எல்லாம் ஒரே இடத்தில். அங்கே வழக்குப் பணியாளர், ஆலோசகர் பணிகள் ஒப்பந்த அடிப்படையில் வரும். மாவட்ட ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பில் அறிவிப்பார்கள், பெரும்பாலும் சமூகப்பணி அல்லது உளவியல் படித்தவர்களைக் கேட்பார்கள். எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கத்தின் நம்பிக்கை மையங்களில் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையங்கள்) ஆலோசகர் வேலைக்குச் செவிலியர் படிப்போடு அனுபவம் உள்ளவர்களையும் எடுப்பதுண்டு. அரசுக்கு வெளியே, கள ஒருங்கிணைப்பாளர், பயிற்றுநர், ஆய்வு உதவியாளர் என்று பல பெயரில் வரும். பெயரைப் பார்க்காதீர்கள். வாரத்தில் எத்தனை நாள் மக்களைப் பார்ப்பீர்கள், எத்தனை நாள் கணினியைப் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். முதல் வேலையில் மக்கள் அதிகம் இருக்கட்டும்.

செவிலியர்களுக்கு இதில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மும்பை பாந்த்ராவில் மாநகராட்சி நடத்தும் பாபா மருத்துவமனையில் 2000 வாக்கில் ‘திலாசா’ என்று ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். வெளிநோயாளி பிரிவுக்கு ‘மாடிப்படியில் விழுந்துவிட்டேன்’ என்று வரும் பெண்ணை, அடிபட்ட இடத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, தனியாக உட்கார வைத்துப் பேசுகிற பிரிவு. ‘சேஹத்’ என்ற ஆய்வு அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து, மருத்துவமனைச் செவிலியர்கள் உட்பட அங்கிருந்த ஊழியர்களையே இதற்குப் பழக்கினார்கள். பிறகு நகரின் மற்ற மருத்துவமனைகளுக்கும் அது போனது. நம் ஊரில் இதற்குத் தேவை இல்லை என்று நினைக்காதீர்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரிடம் எப்போதாவது வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் உங்கள் வார்டு வழியாகத்தான் போயிருப்பார்கள்.

அதே ஆய்விலிருந்து இன்னொரு கணக்கு, நான் எல்லாப் பயிற்சியிலும் சொல்வது: தமிழ்நாட்டில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கும் பெண்கள் 57.8 சதவீதம். ஆண்கள் 0.1 சதவீதம். ஆணுக்குச் செய்வது வயிற்றைத் திறக்காத சின்ன சிகிச்சை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். இருந்தும் இந்தக் கணக்கு. சுகப்பிரசவமோ சிசேரியனோ முடிந்து களைத்துக் கிடக்கும் பெண்ணிடமே ‘அப்படியே குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிடலாமா’ என்று கேட்கிறோமே, வெளியே வராந்தாவில் நிற்கும் கணவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கிறோமா? கேட்டுப் பாருங்கள், ஒரே ஒருவரிடம். ‘அதெல்லாம் பண்ணினா மூட்டை தூக்க முடியாது சிஸ்டர்’ என்பார். அந்தத் தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டிய இடம் மகளிர் கூட்டமல்ல, டீக்கடையும் ஆட்டோ ஸ்டாண்டும். இந்தத் துறையில் இருக்கும் நாங்கள் இன்னமும் பெண்களைத்தான் கூட்டி வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் கூப்பிட்டால் வருகிறார்கள், அதுதான் காரணம்.

சம்பளத்தைப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். சிறிய தொண்டு நிறுவனத்தில் ஆரம்பச் சம்பளம் உங்கள் இப்போதைய சம்பளத்தைத் தாண்டாது, குறையவும் கூடும். பலதும் பதினோரு மாத ஒப்பந்தம், திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது, நிர்வாகச் செலவுக்கு இருந்த வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். பெரிய அமைப்பு வாங்கும் வெளிநாட்டுப் பணத்தைச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதும் நின்றுவிட்டது. கிராமத்தில் வேரோடு வேலை செய்துகொண்டிருந்த பல சின்ன அமைப்புகள் இதில் ஆட்டம் கண்டன. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி வருகிறது, ஆனால் அது கட்டடத்துக்கும் முகாமுக்கும் தாராளமாக வரும், ‘உரிமை’ என்ற சொல்லைப் பார்த்தால் கொஞ்சம் தயங்கும். பெரிய அமைப்புகளில், கொஞ்ச வருடம் கழித்து, நல்ல சம்பளம் உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிய வேண்டும். பேசத் தெரிவதைவிட எழுதத் தெரிவது முக்கியம், அது பழகினால் வந்துவிடும். தினமும் ஒரு பக்கம் எழுதுங்கள், போதும்.

படிப்பு விஷயத்தில் என் கருத்து இது. எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை, நல்ல படிப்புதான், சென்னை ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எல்லாம் பெயர் பெற்றவை. ஆனால் கையில் செவிலியர் பட்டம் இருக்கும்போது பொதுச் சுகாதார முதுகலை, அதாவது எம்.பி.எச்., உங்களுக்கு இன்னும் பொருந்தும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் இந்தப் படிப்பை இந்தியாவில் முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று, பாலினமும் உடல்நலமும் என்ற பாடத்துக்கு அங்கே நல்ல மரபு இருக்கிறது. சென்னை அயப்பாக்கத்தில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் உண்டு. சேர்க்கைத் தகுதியை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். எதில் சேர்ந்தாலும் உடனே சேராதீர்கள். ஒன்றிரண்டு வருடம் களத்தில் இருந்துவிட்டுப் போனால், வகுப்பில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவீர்கள்.

படிப்புக்கு முன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர இரண்டு இடம் சொல்கிறேன். ஒன்று, திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமம், உங்களுக்குக் கைக்கெட்டும் தூரம். டாக்டர் சௌந்தரம் 1947-இல் ஊன்றிய இடம், கிராமப்புறச் சுகாதாரப் பயிற்சிக்கென்றே ஒரு நிறுவனம் அங்கே இருக்கிறது. இன்னொன்று செங்கல்பட்டில் 1981-இல் தொடங்கிய கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையம். சுந்தரி ரவீந்திரனோடு சேர்ந்து அதைத் தொடங்கியவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்து தலித் பெண்கள். பெரிய படிப்பு இல்லாத பெண்கள் தங்கள் உடலைப் பற்றித் தாங்களே தகவல் திரட்டி, தாங்களே எழுதிப் பேச ஆரம்பித்த இடம். அவர்கள் ஒரு கூட்டத்தை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தீர்களானால், மேடை பயம் பற்றிய கேள்வியை என்னிடம் கேட்க மாட்டீர்கள்.

வீட்டில் சொல்கிறார்களே, அதற்கு வருகிறேன். இதில் நான் உங்கள் அம்மா அப்பா பக்கம். எம்.ஆர்.பி. எழுதுங்கள். கோபப்படாமல் கேளுங்கள். அரசு மருத்துவமனைக்குத்தான் ஏழைப் பெண்கள் வருகிறார்கள், அங்கே பிரசவ வார்டில் ‘அப்போ மட்டும் இனிச்சுதா’ என்ற பேச்சு இன்றும் கேட்கிறது. அந்தப் பேச்சைத் தன் ஷிஃப்டில் நிறுத்துகிற ஒரு செவிலியர், வெளியிலிருந்து வந்து பயிற்சி கொடுக்கிற என்னைப் போன்றவர்களைவிட அதிகம் செய்கிறார். நான் பயிற்சி கொடுத்துவிட்டு மாலை பேருந்து ஏறிவிடுவேன், அவர் அங்கேயே இருப்பார். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அரசு ஊழியரான பிறகு நடத்தை விதிகள் உண்டு, அரசை விமர்சித்து வெளியில் எழுத முடியாது. அது உங்களுக்கு மூச்சு முட்டும் என்றால் இந்தப் பக்கம் வாருங்கள். முட்டாது என்றால், உள்ளேயிருந்து படிவம் திருத்துகிறவர்கள் எங்களுக்கும் தேவை. தேர்வு எழுதி, முடிவு வரும் வரைக்கும் விடுமுறை நாளில் ஏதாவது ஒரு அமைப்போடு போய்ப் பழகுங்கள். இப்படிச் சொன்னால் வீட்டிலும் சண்டை வராது.

கிராம சபையை மறந்துவிடாதீர்கள். இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் கழிப்பறை, தண்ணீர், மறைவாகப் பரிசோதிக்க ஒரு திரை இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அக்டோபர் 2-ஆம் தேதிக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். தீர்மானம் என்ன ஆனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். இதற்கு எந்த நிறுவனத்தின் நியமன ஆணையும் வேண்டாம்.

இன்னொரு முறை சொல்வேன் என்றேனே, அது இதுதான். நோயாளியின் பெயர், ஊர், ஃபைல், புகைப்படம் எதுவும் உங்கள் கையிலிருந்து வெளியே போகக் கூடாது. அந்த லாரி டிரைவரின் மனைவி கதையைக்கூட, எந்த ஊர், எந்த மாதம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் அடையாளத்தை மருத்துவர் வெளியிட்டால் ஒரு வருடம் வரை சிறை என்று 2021 திருத்தம் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது முறையல்ல. நிதி கேட்கும் அறிக்கையில் அழுகிற பெண்ணின் படத்தைப் போடுகிற அமைப்புகளும் இந்தத் துறையில் இருக்கின்றன, எச்சரிக்கையாக இருங்கள்.

கடைசியாக, எந்த அமைப்பில் நேர்முகத்துக்குப் போனாலும் அவர்கள் கேட்டு முடித்ததும் நீங்கள் கேளுங்கள். பி.எஃப். பிடிக்கிறீர்களா? 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்றால், 2013 சட்டப்படி பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டுமே, அதில் யார் யார் இருக்கிறார்கள்? களத்தில் இரவானால் திரும்பி வர வண்டிக்கு யார் பொறுப்பு? பெண்ணுரிமை பேசும் அலுவலகத்தில் இதைக் கேட்டதற்காக முகம் மாறினால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். வேறு இடம் பார்க்கலாம்.